நிற்க வைக்காமல் எழுதிய அளவு

1

சிங்கப்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருடம். ஊரில் என்னோடு நர்சிங் படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் போட்டிருக்கிறார்கள். "அங்க எல்லாம் மிஷினே பாத்துக்குமாம், உனக்கென்னடி கவலை" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஒரு வரியில் பதில் போட முடியாததால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பதினேழாவது வருடத்தில் நான் வார்டில் இல்லை. விசாரணை முடியும்வரை நோயாளிகள் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராவது மாடி வீட்டில் காலையில் மகள் யாழினி கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, கணவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, கீழே ஓடும் எல்.ஆர்.டி. ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். என்மேல் இரக்கப்பட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2

நாம் பயிற்சி எடுத்த மருத்துவமனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வார்டுக்கு ஒரே ஒரு பாதரச பி.பி. கருவி. அதன் பட்டையும் பாதி நாள் ஓட்டை. காலை ஏழு மணிக்கு டாக்டர் வருவதற்குள் நாற்பது கட்டிலுக்கும் அளவு எழுதியாக வேண்டும். என்ன செய்தோம்? மேசையில் உட்கார்ந்து 120/80, 130/80, 110/70 என்று மாற்றி மாற்றி எழுதினோம். பேனாவின் நிறத்தைக்கூட மாற்றுவோம், சந்தேகம் வராமலிருக்க. நான் அதில் கெட்டிக்காரி. யார் வீட்டுக் கல்யாணத்திலோ அதைச் சொல்லி நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்ததுகூட உண்டு.

இங்கே வந்த பிறகு பதினைந்து வருடத்துக்கும் மேல் ஒரு எண்ணைக்கூட நான் இட்டுக்கட்டி எழுதியதில்லை. முதலில் பயம், அப்புறம் பழக்கம்.

இங்கே எனக்குத் தடுமாற்றம் வந்தது தமிழில்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். வந்த புதிதில் ஒரு அம்மா "தல கிட்டியா இருக்கு மிஸ்ஸி" என்றார். பழைய ஆட்கள் இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள், அது மலாய்ச் சொல். 'கிட்டி' எனக்குப் புரியவில்லை. 'கெட்டி' என்று எடுத்துக்கொண்டு, தலை பாரம் என்று குறித்தேன். அவர் சொன்னது ஆங்கில கிடி, அதாவது தலைசுற்றல். டாக்டர் சிரித்தார். அன்றிலிருந்து வார்டில் தமிழ் நோயாளி யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

3

கோவிந்தன் அங்கிள் எங்கள் வார்டுக்கு வந்தபோது அவருக்கு எழுபத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேக்கா மார்க்கெட்டுக்கு மேலேயே வீடு. ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி, மூக்கில் ரத்தம் வந்து சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளில் ஒன்றால் கால் வீங்கியது, இன்னொன்றால் வறட்டு இருமல். டாக்டர் மாற்றிவிட்டு வேறொன்று கொடுத்தார். பிராஸ்டேட் வீக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் சேர்த்து வேலை செய்கிற மாத்திரை அது. அதில் ஒரு சிக்கல். முதல் சில நாட்கள், படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம். கண் இருட்டும். விழுவார்கள்.

அதனால்தான் படுக்க வைத்து ஒன்று, நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று என்று மூன்று அளவு எடுக்க வேண்டும். தலைசுற்றல் உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். மேல் எண் இருபது இறங்கினாலே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மிஷின் பட்டையை இறுக்கும், எண்ணைக் காட்டும். மனிதனை நிற்க வைப்பது மிஷினால் ஆகாது. அது நம் வேலை.

அங்கிளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. முதல் நாளே என் பெயர் அட்டையைப் படித்தார். "செல்வராணியாம்லா. எந்த ஊரு ராணி?" சொன்னேன். "இங்க பொறந்த பிள்ளைங்க வேலை இல்லாம இருக்கு. ஊர்லேந்து உங்களக் கொண்டாந்து எங்க தலையில கட்டிட்டாங்க."

அவர் மனைவி பாக்கியம் ஆன்ட்டி பக்கத்தில் நின்றார். மெலிந்த உடம்பு. மலேசியத் தோட்டத்தில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். தமிழும் மலாயும் பேசுவார், ஆங்கிலம் வராது. "அவரு அப்படித்தான், மனசுல வச்சுக்காதீங்க" என்று, அங்கிள் அந்தப் பக்கம் திரும்பியதும், என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நான் மனசில்தான் வைத்துக்கொண்டேன். தினமும் ஏதாவது ஒன்று. சோற்றுத் தட்டு ஆறிவிட்டது, என் கை சில்லென்றிருக்கிறது, என் தமிழ் நாடகத்தில் வருகிற மாதிரி இருக்கிறது. அந்த வாரம்தான் என் நிரந்தரவாச அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். வீட்டில் யாழினி என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக் கூட்டத்துக்கு நான் வர வேண்டாம், அப்பா வரட்டும் என்றாள். காரணம் கேட்டதற்கு, "நத்திங் லா மா" என்று தோளைக் குலுக்கினாள். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். என் வாயிலிருந்து வருகிற ஆங்கிலம்.

இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் என் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று தெரியட்டும் என்றுதான்.

4

புது மாத்திரையின் மூன்றாம் நாள், காலை எட்டு மணி. படுத்த நிலையில் எடுத்தேன். 152/84. பழக்கத்தில் எண்ணை வாய்விட்டுச் சொன்னேன், ஆங்கிலத்தில். 'எய்ட்டி' என் வாயில் 'யெய்ட்டி' ஆகிவிடும்.

"யெய்ட்டி!" என்றார் அங்கிள். "யெய்ட்டி ஃபோராம்லா!" பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவரிடம் திரும்பி மலாயில் ஏதோ சொன்னார். பெரியவர் சிரித்தார். எதிர்க் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். அங்கிள் என் குரலிலேயே "யெய்ட், யெய்ட்டீன், யெய்ட்டி" என்று சொல்லிக் காட்டினார். எனக்குக் காதுவரை சுட்டது. மகள் ஏன் பள்ளிக்கு வர வேண்டாமென்றாள் என்பதை மூன்று கட்டில் சேர்ந்து விளக்கிச் சொன்னமாதிரி இருந்தது.

பட்டையைக் கழற்றினேன். அவரை நிற்கச் சொல்லவில்லை.

நான் திரும்பும்போது அங்கிளின் குரல் இறங்கியிருந்தது. விளையாட்டு இல்லை அதில். "மிஸ்ஸி. காலையில பல்லு விளக்க எந்திரிச்சேன். கண்ணு இருட்டிச்சு. கட்டிலப் புடிச்சுக்கிட்டேன்."

"அதையும் மலாயில சொல்லுங்க அங்கிள்" என்றேன். "அவருக்குத்தான் நல்லாச் சிரிக்க வருது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

கணினியில் நின்ற நிலைக்கு இரண்டு கட்டங்கள். கையால் அடிக்கலாம். 146/82. 144/80. தலைசுற்றல்: இல்லை. எண்கள் பொருத்தமாக இருந்தன. ரொம்பவும் இறங்காமல், ரொம்பவும் ஒன்றுபோலவும் இல்லாமல். நாம் சேர்ந்து கற்றதுதான்.

5

பன்னிரண்டு மணிக்கு ஆன்ட்டி வந்தார். நான் கணினி முன்னால் வேறொருவரின் மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று கேட்டார்.

"அம்மா, அவரு பாத்ரூம் போகணுங்கிறாரு. எழுப்பலாமா?"

அங்கிளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 146. 144. தலைசுற்றல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் நான் அதை நம்பினேன். நான் எழுதிய பொய்யை நானே படித்து, "பிரஷர் நல்லாத்தான் இருக்கு. மெதுவாக் கூட்டிட்டுப் போங்க ஆன்ட்டி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாத்ரூம் வாசலில் அவர் "பாக்கியம்" என்று ஒரு தடவை சொன்னாராம். அவ்வளவுதான். தாங்கப்போன ஆன்ட்டியையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். கைகழுவும் தொட்டியின் விளிம்பு அங்கிளின் பின்மண்டையில் பட்டது. நாங்கள் ஓடிப்போனபோது ஆன்ட்டி அடியில் கிடந்தார். அவர்மேல் அங்கிளின் முழுக் கனமும். தரையில் எடுத்த அளவு எண்பத்து நான்குக்கு ஐம்பது.

"காலையில நிக்க வச்சு எடுத்தப்ப சரியா இருந்துச்சா?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் டாக்டர்" என்றேன்.

அவரை அறுவைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மணிக்கு வார்டு மேனேஜர், கண்டிப்பான சீனப் பெண்மணி, விபத்துப் படிவத்தோடு ஆன்ட்டியிடம் உட்கார்ந்தார். அந்த ஷிஃப்டில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும். மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார். அது முறையில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் படிவம் அன்றே போயாக வேண்டும்.

"எழுப்புறதுக்கு முன்னாடி பெல் அடிச்சீங்களான்னு கேக்கறாங்க ஆன்ட்டி."

ஆன்ட்டியின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. என்னையே பார்த்துச் சொன்னார். "பெல் அடிக்கலம்மா. உன்கிட்டதானே வந்து கேட்டேன். கூட்டிட்டுப் போங்கன்னு நீதானே சொன்ன?"

மேனேஜர் பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார்.

"அவர் பெல் அடிக்கவில்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படிவத்தில் அது ஏறியது. விழாமல் இருக்க அறிவுரை தரப்பட்டதா என்ற கட்டத்தில் முதல் நாளே டிக் இருந்தது, எல்லோருக்கும் போடுகிறமாதிரி. நின்ற நிலை அளவு சரியாக இருந்ததால் மாத்திரைமேலும் குற்றமில்லை. பழி சொல்ல மிஞ்சியது ஆன்ட்டிதான்.

அங்கிள் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்து இறந்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து ஒரே மகன் குமார் வந்திருந்தார். அப்பாவின் கட்டிலருகே அம்மாவிடம் கத்தினார். "ஒரு பெல், மா! ஒன் பெல்! சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் பிரெஸ் இட்?" ஆன்ட்டி மகனின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சலைன் குழாயைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் என் நிரந்தரவாசம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தேன்.

6

ஒரு வருடம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட். வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி" என்று குரல். பாக்கியம் ஆன்ட்டி. இன்னும் மெலிந்திருந்தார். "தே குடிப்போமா?" என்றார். வாழைக்காயை வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

உணவுக்கடைப் பக்கம் உட்கார்ந்தோம். சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர் அவருக்கு. மகனைப் பற்றிக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"அவன் பேசறதில்ல. திட்டறதும் இல்ல. தீபாவளிக்கு ஒரு மெசேஜ். பேரப்பிள்ளைங்க முகத்தப் பாத்து ஒரு வருசமாச்சு." தேநீரை ஊதிக் குடித்தார். "எனக்கு இங்கிலீஸ் வராது மிஸ்ஸி. ஆனா காது இருக்குலா. அன்னைக்கு நான் ரெண்டு விசயம் சொன்னேன். நீ ஒண்ணுதான் சொன்ன. பெல்லுன்னு வந்துச்சு, அதோட நிறுத்திட்ட."

"ஏன் ஆன்ட்டி அப்பவே கேக்கல?"

"யார்கிட்ட கேக்கறது? கேட்டாலும் நீதானே திருப்பிச் சொல்லணும்."

சுற்றிலும் கூட்டம். தட்டுகளின் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். நிற்க வைக்காதது, எண்களை எழுதியது. கண் இருட்டியதாக அங்கிள் சொன்னது.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

அதையும் சொன்னேன்.

கோப்பையைத் தட்டில் வைத்தார். "அவரு வாய் கெட்ட மனுசன். எனக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு வருசம் அந்த வாய்கூடத்தான் குடும்பம் நடத்துனேன். அதுக்காக நான் அவர விழ விட்டேனா?"

பையிலிருந்து போனை எடுத்து ஒரு பெயரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "என் மகன்கிட்ட சொல்லு. இப்பவே."

சொன்னேன். என் ஆங்கிலத்தில், திக்கித் திக்கி, எட்டு மணி என்று சொல்லும்போது 'யெய்ட்' என்றே வந்தது. குமார் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "போன்ல யார் வேணாலும் எதையும் சொல்லலாம். கிவ் மீ ஸம்திங் அஃபிஷியல்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எழுத்துல வேணுமாம் ஆன்ட்டி."

"அப்ப எழுதிக் குடு" என்றார், உப்புக் கேட்கிற குரலில்.

வீட்டில் சொன்னேன். கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு அணைத்தார். யாழினிதான் பேசினாள். "மா, கேஸ் க்ளோஸ்ட் ஆல்ரெடி. ஒன் இயர் ஆச்சு. யாரும் உங்களக் கேக்கல. வை நவ்?"

"ஒரு மனுஷன் செத்துட்டார்டி."

"ஐ நோ. இப்ப நீங்க சொன்னா அவர் வரப்போறாரா? உங்களுக்கு மனசு லேசாகணும், அவ்ளோதான். அதுக்கு நாங்க எல்லாம் சேர்ந்து கஷ்டப்படணும்."

அவள் என்னிடம் பல மாதங்களுக்குப் பின் பேசிய நீளமான தமிழ் அது. அதில் பாதி உண்மை.

மறுநாள் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்துப் பெண் என் ஆங்கிலத்தைத் திருத்தித் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். 'நின்ற நிலை அளவு எடுக்கப்படவில்லை' என்ற பொருளில் இருந்தது. "நான் எடுக்கவில்லை என்று போடுங்கள்" என்றேன். இப்படியே இருந்தால் உங்களுக்கு நல்லது என்றாள். திரும்பவும் கேட்டு வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றே என் மருத்துவமனை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இனி நர்ஸாக இருக்க விடுவார்களா, அடுத்த முறை நிரந்தரவாசம் கிடைக்குமா என்பதெல்லாம் நர்சிங் வாரியத்தின் விசாரணைக்குப் பின்தான் தெரியும்.

7

மூன்று மாதம் கழித்து ஆன்ட்டி போன் செய்தார். "ஆஸ்பத்திரிலேந்து லெட்டர் வந்திருக்கு. வந்து வாசி."

"வேற யாராவது..."

"நீதான் வாசிக்கணும்."

போனேன். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுக்கவில்லை. இரண்டு பக்கக் கடிதம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'சம்பந்தப்பட்ட நர்ஸ்'னா யாரு?"

"நான்தான் ஆன்ட்டி."

"ம். மேல வாசி."

மாத்திரையின் பக்கவிளைவு கண்காணிக்கப்படவில்லை. பதிவு உண்மையல்ல. திருமதி பாக்கியம் நர்ஸிடம் கேட்டு, நர்ஸ் அனுமதித்த பிறகே கணவரை எழுப்பினார். அவர்மீது எந்தத் தவறும் இல்லை.

"அந்தக் கடைசியத் திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை சொல்லி முடித்தபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அழவில்லை. இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பெர்த்திலும் இங்கேயும் ஒரே நேரம், நள்ளிரவில் எழுப்புகிறோமோ என்ற கவலை இல்லை. பகல் மூன்றரை மணி. அவர் பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன. ஆன்ட்டி போனை மடியில் வைத்துக்கொண்டார். அழைப்பு வரும் என்று நானும்தான் காத்திருந்தேன். கீழே மார்க்கெட்டில் மீன்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். போன் ஒருமுறை அதிர்ந்தது. அவசரமாக என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்கான்? வாசி, வாசி."

"'நோட்டட், மா'ன்னு போட்டிருக்கார்."

"நோட்டட்னா?"

"குறிச்சுக்கிட்டேன், பாத்துட்டேன்னு அர்த்தம் ஆன்ட்டி."

"வேற?"

மன்னித்துவிடுங்கள் அம்மா என்றோ, ராத்திரி கூப்பிடுகிறேன் என்றோ சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவரால் சரிபார்க்க முடியாது. என் நாக்கு நுனிவரை வந்தது.

"வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அவ்வளவுதான்."

போனை வாங்கித் திரையை வெகுநேரம் பார்த்தார், எழுத்து தெரிந்தவர்மாதிரி. பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, நான் செருப்பை மாட்டும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.